பழப்பையோடு வந்த மல்டி

என்னிடம் கிட்டார் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நாலு பாட்டு கைக்கு வந்துவிட்டால் போதும், அடுத்து ஒரே கேள்விதான்: "மிஸ், பெடல் வாங்கட்டுமா, மல்டி வாங்கட்டுமா?" இதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். சத்தம், எடை, விலை. இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். எனக்கு மட்டும் நாலாவதாக ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், நான் கேட்காமலேயே. அதை வகுப்பில் சொல்ல வாய் வராது. எழுதிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். மின்சாரக் கிட்டாரின் சத்தம் நேராக ஸ்பீக்கருக்குப் போனால் உப்பில்லாத சோறு மாதிரி இருக்கும். அதனால் நடுவில் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகளை வைப்போம். ஒன்று சத்தத்தைக் கரகரவென்று ஆக்கும், ஒன்று எதிரொலி கொடுக்கும், இன்னொன்று அலையடிக்க வைக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே வேலை. காலால் மிதித்தால் ஓடும், மறுபடி மிதித்தால் நிற்கும். இதுதான் பெடல். மல்டி என்பது இந்த எல்லா வேலையையும் தனக்குள்ளேயே வைத்திருக்கிற ஒற்றைப் பெட்டி. எந்தப் பாட்டுக்கு எந்தச் சத்தம் என்று வீட்டிலேயே அமைத்துச் சேமித்துவிடலாம். மேடையில் ஒரு மிதி, அடுத்த பாட்டு தயார். பெடலில் அந்தச் சௌகரியம் கிடையாது. எதிரொலி எம்புட்டு வேகத்தில் திரும்பி வர வேண்டும் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குனிந்து, கையால் குமிழைத் திருக வேண்டும்.

பிரச்சினை இந்தக் குனிவதில்தான் வந்தது.

மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினோரு வருஷமாக நான் லீட் கிட்டார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதையும் விட்டதில்லை. என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். என் ஆறு பெடல்களையும் ஒட்டுப்பலகை ஒன்றில் வரிசையாகப் பதித்து, அடியில் வயர் ஓடுகிற மாதிரி அவர்தான் செய்து கொடுத்தார். கைப்பிடி வைத்த பலகை. அதைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பார்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூத்தெல்லாம் நடப்பதற்கு முன்பே மல்டி வாங்க வேண்டும் என்று எனக்கே ஆசை இருந்தது. ஒரு சீசன் முடிந்தால் திருவிழாப் புழுதி அம்புட்டும் குமிழுக்குள் ஏறிவிடும், திருகினால் கரகரக்கும். ஆறு பெட்டிக்கு நடுவில் ஒரு வயர் செத்தாலும் மொத்தமும் ஊமை. எது செத்தது என்று மேடையில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கிற அவஸ்தை பட்டவருக்குத்தான் தெரியும். எந்த மாடல் என்றுகூட முடிவு செய்து, அதன் படத்தைக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, இது எப்படி என்று எல்லோரிடமும் கேட்டிருந்தேன்.

அப்போதுதான் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பொங்கல் விழாக் கச்சேரி. எப்போதும் போல வாசித்தோம், எப்போதும் போலப் பாட்டுக்குப் பாட்டு குனிந்தேன், எப்போதும் போல வேனில் ஏறி வீடு வந்தோம். மூன்றாம் நாள் காலையில் உசிலம்பட்டியிலிருந்து என் அண்ணன் போன் பண்ணினான். அவன் மாடு கன்று, மானாவாரிக் காடு என்று இருக்கிறவன். விசேஷம் எதுவும் இல்லாமல் போன் பண்ண மாட்டான். ஊர் குரூப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது, அனுப்புகிறேன், பார்த்துவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வா என்றான்.

எட்டு நொடி வீடியோ. நான் குனிகிறேன், பின்னாலிருந்து எடுத்திருக்கிறார்கள். கிட்டக்க இழுத்து, வேகத்தைக் குறைத்து, மேலே ஒரு சிரிப்புச் சத்தத்தையும் ஒட்டியிருந்தார்கள். நான் போட்டிருந்தது கணுக்கால் வரை சுடிதார், பின் குத்திய துப்பட்டா. அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் சொல்ல வைத்துவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல். என் முகம் அதில் எங்கேயும் இல்லை. பதினோரு வருஷம் வாசித்தவளுக்கு ஒரு முகம்கூட இல்லாமல் போனது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அண்ணன் மறுபடி கூப்பிட்டான். ஊருக்குள் தலை காட்ட முடியவில்லை, இந்தப் பொழப்பு போதும், விட்டுவிடு என்றான்.

"படம் புடிச்சவன் தலை நிமுந்துதான திரியுறான்? நீ எதுக்குண்ணே ஒளியுற?" என்றேன்.

அவன், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டான். பாவம், அவனுக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவன் வலிக்கு மருந்து நான் கிட்டாரைக் கீழே வைப்பதுதான் என்று அவனாகவே எப்படி முடிவு செய்தான்?

மதியத்துக்குள் குழுத் தலைவர் கூப்பிட்டார். அறுபதை நெருங்கியவர், பாடகர், வேனும் ஸ்பீக்கரும் அவருடையது. நாங்கள் எல்லோரும் அண்ணே என்போம். அவர் வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மல்டி வாங்கிவிடு, குனிகிற வேலையே இருக்காது, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். சாயங்காலம் கீபோர்டுக்காரர் அதையே சொன்னார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரரும் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "மல்டி வாங்கிருவமே, பிரச்சனை முடிஞ்சிரும்" என்றார். ஒரே நாளில் மதுரையில் எல்லோரும் மல்டிக்கு ஏஜென்ட் ஆகிவிட்டார்கள். மற்ற கிட்டார்காரனுக்கு எல்லாம் அது சத்தத்தைப் பற்றிய கேள்வி. எனக்கு மட்டும் என் முதுகைப் பற்றிய கேள்வியா? எத்தனை ஆசையாக வாங்க நினைத்த சாமான், அதை நினைத்தாலே வயிறு எரிகிற மாதிரி செய்துவிட்டார்கள்.

கோபம் வந்தால் சிலருக்குக் கண் தெரியாது, எனக்குக் கண் கூர்மையாகிவிடும். மறுநாள் அந்த வீடியோவைப் பொம்பளையாகப் பார்க்காமல் மேடைக்காரியாகப் பார்த்தேன். இருபது தடவை பார்த்திருப்பேன். மேடையின் பின்பகுதியிலிருந்து எடுத்தது. அதற்கும் பின்னால் ஜெனரேட்டரும் சேலையால் மறைத்த தட்டியும்தான், ஜனம் வர வழியில்லை. நின்று எடுத்ததும் இல்லை, உட்கார்ந்திருக்கிறவன் உயரத்தில் எடுத்தது. படத்தின் இடது ஓரத்தில், மங்கலாக, ஒரு இரும்புக் கம்பியில் நீலத் துண்டு தொங்கியது.

அந்தத் துண்டை எனக்குத் தெரியும். ஒரு மழை நாளில் அது என் வீட்டுக் கொடியில் காய்ந்திருக்கிறது. எங்கள் குழுவில் ரிதம் பேடு வாசிக்கிறவனுடையது. குச்சியால் தட்டினால் எல்லா மேளச் சத்தமும் வருகிற மின்சார வாத்தியம் அது. பேடைத் தாங்கும் கம்பியில்தான் அந்தத் துண்டைப் போடுவான், அவன் ஸ்டூல் எனக்கு நேர் பின்னால் இருக்கும். முப்பது வயசைத் தாண்டியவன், ஒரு மகளுக்கு அப்பன். ஆறு வருஷமாக வாய்க்கு வாய் அக்கா என்று கூப்பிடுகிறவன். அவன் மகள் காதுகுத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் விடிகாலையிலிருந்து நின்று ஒரு அண்டா தக்காளிச் சோறு கிளறிக் கொடுத்தோம். வெளியே யாரோ ஒரு காலிப்பயல் எடுத்திருப்பான் என்று இரண்டு நாளாக நான் சபித்துக்கொண்டிருந்தேனே, அந்தச் சாபமெல்லாம் யார் யார் தலையிலோ விழுந்திருக்கும். எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

வீட்டுக்காரரிடம் துண்டைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். அப்புறம் எழுந்து செருப்பைத் தேடினார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"நீங்க போயி அடிச்சா அது ரெண்டு ஆம்பளைக சண்டையாப் போயிரும். நடந்தது எனக்கு" என்றேன்.

நானே தலைவர் வீட்டுக்குப் போனேன். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டைப் பற்றி, ஸ்டூலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த துணியைப் பிழிந்தார், மறுபடி நனைத்தார், மறுபடி பிழிந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவனே வந்து சொல்லிவிட்டானாம். விளையாட்டாக எடுத்தானாம், கூட்டாளி ஒருத்தனுக்கு மட்டும் அனுப்பினானாம், அவன் பரப்பிவிட்டானாம். சரி, குழுவில் எல்லோர் முன்னாலும் அவன் வந்து ஒப்புக்கொள்ளட்டும் என்றேன். அவர் வேனையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா ரிதம் இல்லாம ஒரு பாட்டு ஓடுமா தாயி? கிட்டாரக்கூட கீபோர்டுல வாசிச்சுச் சமாளிச்சிரலாம். வஞ்சகமாச் சொல்லல, உள்ளதச் சொல்றேன். அடுத்தாப்புல வாடிப்பட்டிக் கச்சேரிக்கு மல்டியோட வா. இல்லையா, நான் வேற ஆளப் பாக்குறேன்."

ஆக, தப்புச் செய்தவனுக்கு இடம் உறுதி. என் இடம்தான் ஊசலாடியது. பதினோரு வருஷத்தைக் கீபோர்டில் சமாளித்துவிடலாமாம். வீடு வந்து சேருகிற வரை வழியில் யார் முகமும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் சண்டையை முடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு வீடு முறைத்துக்கொண்டால் நடுவில் ஒரு பெரிய மனுஷன் பழப்பையோடு வந்து படியேறுவார். பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டால் சமாதானம் ஆயிற்று என்று அர்த்தம். அப்புறம் யார் மேல் தப்பு என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் ஆரஞ்சும் திராட்சையும் பிதுங்குகிற பை. இன்னொரு கையில் அட்டைப்பெட்டி. நான் குரூப்பில் படம் போட்டுக் கேட்ட அதே மல்டி, புத்தம் புதுசு, குழுவின் செலவில். வரவேண்டியவன் வரவில்லை.

நான் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். வந்தவர் கையில் சுமையோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவருக்குத் தெரியாது. வாங்கண்ணே என்று சொல்லி, பையை வாங்கி, அடுப்படியில் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்து முழித்தார். தலைவர் முகத்தில் நிம்மதி. காப்பி குடித்துவிட்டு, வாரேன் தாயி என்று கிளம்பிப் போனார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

பெட்டியை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் மனசு கேட்கவில்லை, பிரித்து மாட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், அது அருமையான சாமான். என் பெடலில் பத்து வருஷமாகத் தேடிய ஒரு எதிரொலி அதில் மூன்றாவது பொத்தானில் சும்மா உட்கார்ந்திருந்தது. அரை நாள் சாப்பாட்டை மறந்து வாசித்தேன். வாடிப்பட்டிக்கு வேண்டிய பாட்டு அத்தனைக்கும் சத்தம் அமைத்துச் சேமித்தேன். நிமிர்ந்து நின்று, காலால் மட்டும், ஒரு தடவைகூடக் குனியாமல். வேலை சுளுவு, வயர் ஒன்று, பை ஒன்று. பேசாமல் வைத்துக்கொண்டால் என்னடி என்று என் மனசே என்னிடம் கேட்டது. வைத்துக்கொண்டிருப்பேன், அது மட்டும் அந்தப் பழப்பையோடு வராமல் இருந்திருந்தால். இதை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மிதிக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நான் குனிந்ததுதான் தப்பு. அப்படி ஒரு காரணத்துக்கு எந்தச் சாமானையும் நான் வாங்க மாட்டேன். தங்கத்தில் செய்து கொடுத்தாலும் மாட்டேன்.

சேமித்ததையெல்லாம் அழித்தேன். அட்டைப்பெட்டியில் பழையபடி வைத்தேன். பழப்பையை எடுத்தால் இரண்டு ஆரஞ்சு குறைகிறது. யார் தின்றது என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். தெருமுனைக் கடையில் இரண்டு ஆரஞ்சும், வாடிப்போன திராட்சைக்குப் பதில் புதுத் திராட்சையும் வாங்கி ஈடு கட்டினேன். கணக்குக் குறையாமல் திருப்பிக் கொடுத்தால்தான் அது திருப்பிக் கொடுத்ததாகும்.

தலைவர் வீட்டில் அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். பெட்டியையும் பையையும் நீட்டினேன். பழத்தைத் திருப்பிக் கொண்டு வந்தால் சண்டை நிற்கவில்லை என்று பச்சையாகச் சொல்வது, அது எல்லோருக்கும் தெரியும். அந்த அம்மா பையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இத இந்த வாசல்ல முதல் தடவையாப் பாக்குறேன்" என்று சொல்லி, சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு வாங்கி வைத்தார். உள்ளேயிருந்து தலைவர் இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வேறு ஆளைத் தேடித்தான் பார்த்திருக்கிறார். ஆனால் அது திருவிழா மாதம். கிட்டார் பிடிக்கத் தெரிந்தவன் எவனும் சும்மா இல்லை. விழாக் கமிட்டிக்காரர்களும், போன வருஷம் வந்த அந்தக் கிட்டார் பொண்ணு வரும்தானே என்று கேட்டார்களாம். கச்சேரிக்கு முதல் நாள் போன் வந்தது. எதையாவது கொண்டுவா, நேரத்துக்கு வந்து சேர் என்றார். வாரேன் என்றேன்.

வாடிப்பட்டிக்கு வேனில் போகவில்லை. வீட்டுக்காரர் பைக்கில், பலகையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்பே போய்விட்டேன். இரண்டு டிராக்டர் டிரெய்லரை ஒட்டி நிறுத்திப் பலகை அடித்த மேடை. எதிரே பொம்பளைகளும் பிள்ளைகளும் சாக்கு விரித்து இப்போதே இடம் பிடித்திருந்தார்கள். எப்போதும் பெடல் பலகையை மேடையின் முன் விளிம்பில் வைப்பேன். குனிந்தால் முகம் ஜனத்தைப் பார்க்கும், முதுகு அவன் பக்கம் இருக்கும். அன்றைக்குப் பலகையை உள்ளே தள்ளி, திருப்பிப் போட்டேன். ரிதம் பேடு வைக்கிற இடத்துக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில்.

வேன் வந்தது. அவன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, பேடை மாட்டி, நீலத் துண்டைக் கம்பியில் போட்டான். அப்புறம்தான் எதிரே பலகையையும் என்னையும் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. தலைவர் ஓடி வந்தார்.

"என்ன தாயி இது? சனத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கப் போறியா?"

"சனம் என்னைய ஒண்ணும் பண்ணலண்ணே" என்றேன்.

அவர் மைக் முன்னால் போய் நின்று வணக்கம் சொல்லத் தொடங்கினார்.

எங்கள் குழுவில் பாட்டைத் தொடங்கி வைப்பது என் தலையசைப்புதான். பாடகர் ஜனத்தோடு பேசிக்கொண்டு நிற்பதால், குமிழைத் திருகிவிட்டு நான் பின்னால் திரும்பித் தலையசைப்பது பழக்கம். நான் தலையசைத்தால்தான் ரிதம் விழும், ரிதம் விழுந்தால்தான் மற்றவர்கள் சேருவார்கள். முதல் பாட்டை அறிவித்தாயிற்று. நான் அவனைப் பார்த்தபடி குனிந்தேன். எனக்குப் பின்னால் மொத்த வாடிப்பட்டியும் இருந்தது, எத்தனை போன் தூக்கியிருந்தார்களோ தெரியாது, எனக்கு அது பொருட்டாகவும் இல்லை. குமிழில் கையை வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தேன். அவன் பேடைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையசைப்புக்காக அவன் என்னைப் பார்த்தாக வேண்டும், பார்க்கவில்லை. நான் காத்திருந்தேன். தலைவர் மைக்கில் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் ஒருத்தன் விசிலடித்தான். கீபோர்டுக்காரர், அக்கா, அக்கா என்று மெதுவாகக் கூப்பிட்டார். நான் நிமிரவில்லை. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி என்றுதான் இருந்தேன்.

கடைசியில் அவன் தலையைத் தூக்கினான். கண் கலங்கியிருந்தது. வாய் அக்கா என்று அசைந்தது, சத்தம் வரவில்லை. அவன் கண்ணை விட்டு என் கண்ணை எடுக்காமல், குமிழை அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை மெதுவாகத் திருகினேன். அப்புறம் தலையசைத்தேன்.

அன்றைக்கு மொத்தம் பத்தொன்பது பாட்டு. பத்தொன்பது தடவையும் குனிந்தேன். பத்தொன்பது தடவையும், அவன் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்த பிறகுதான் பாட்டு ஆரம்பித்தது.